எம்.ஜி.பி. காரின் பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்குவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் அதிகமான எம்.ஜி.பி. கார்கள் தயாராயின. அவற்றில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவற்றின் உரிமையாளர்களிடம் பேசினால், பேச்சு எப்படியும் ஒரு கட்டத்தில் பிரேக்குக்கு வந்து சேரும். கீழே உள்ள பதில்கள் முன்சக்கரங்களில் டிஸ்க்கும் பின்சக்கரங்களில் டிரம்மும் உள்ள இந்த வண்டியை, குறிப்பாக நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே ஹைட்ராலிக் சுற்று (பிரேக் ஆயில் செல்லும் குழாய் வழி) உள்ள தொடக்கக் கால வண்டிகளை, மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதே காலத்தைச் சேர்ந்த வேறு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும். அளவுகளை மட்டும் அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பெடல் மென்மையாக இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிடலாமா?

பெடலின் மிதியை பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றிச் சக்கரங்களுக்கு அனுப்பும் அந்தச் சிலிண்டரை உடனே மாற்ற வேண்டாம். "மென்மை" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுவது உண்மையில் மூன்று வெவ்வேறு கோளாறுகள். அவற்றைப் பிரித்தறிய எந்தக் கருவியும் தேவையில்லை, கால் போதும். வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சர்வோ (எஞ்சினின் வெற்றிடத்தைக் கொண்டு மிதியின் விசையைப் பெருக்கும் கருவி) பொருத்தப்பட்ட வண்டியாக இருந்தால் பெடலை ஐந்தாறு முறை மிதித்து அதில் மிஞ்சியிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, அதன் பிறகு நிதானமாக ஒருமுறை மிதியுங்கள்.

பெடல் கீழே போகப்போக ரப்பர் பந்தை மிதிப்பதுபோல் எதிர்த்து, காலை எடுத்ததும் துள்ளி மேலே வந்தால், அது பஞ்சுத்தன்மை. உள்ளே காற்று இருக்கிறது, அல்லது எங்கோ ஒரு பாகம் வளைந்து கொடுக்கிறது என்பது இதன் பொருள். பாதி தூரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் இறங்கி, அதன் பின் கல்போல் நின்று, இரண்டாம் முறை விரைவாக மிதிக்கும்போது முன்னதைவிட உயரத்திலேயே நின்றால், அது இடைவெளிக் கோளாறு. டிஸ்க்கைப் பிடிக்கும் பேடோ, டிரம்மின் உட்புறத்தில் உரசும் ஷூவோ இருக்க வேண்டிய இடத்திலிருந்து தள்ளி இருக்கிறது. மூன்றாவது வகையில் பெடல் முதலில் உறுதியாக நிற்கும். காலை எடுக்காமல் ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்திருந்தால் மெல்லமெல்லத் தரையை நோக்கி இறங்கும். அழுத்தம் எங்கோ தப்பிச் செல்கிறது. மாஸ்டர் சிலிண்டர் மீது சந்தேகம் கொள்ள வேண்டியது இந்த மூன்றாவது வகையில் மட்டுமே. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் மாஸ்டர் சிலிண்டர், பிறகு காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் பாகம்), பிறகு ஹோஸ் என்று வரிசையாகப் புதிது வாங்கிப் போட்டு, கடைசியில் பின்சக்கர ஷூவைக் கால்வாசித் திருப்பு இறுக்கியதும் குணமான வண்டிகள் மிகப் பல.

முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போகிறது. இரண்டாம் மிதியில் சரியாக நிற்கிறது. எங்கே பார்ப்பது?

பின்சக்கரங்களில் பாருங்கள். எம்.ஜி.பி.யின் பின் டிரம் பிரேக், ஷூவின் லைனிங் (உராயும் மேற்பட்டை) தேயத்தேயத் தானாகத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வகை அல்ல. கையால்தான் இறுக்க வேண்டும். வண்டியை ஓரிரு ஆண்டுகள் ஓட்டி, ஒருமுறைகூட அதைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். ஹேண்ட் பிரேக்கை நன்றாக மேலே இழுத்துவிட்டு பெடலை மிதித்துப் பார்ப்பது எளிய சோதனை. ஹேண்ட் பிரேக் ஷூக்களை டிரம்மின் அருகே கொண்டுபோய்விடுவதால், இப்போது பெடல் உயரத்திலேயே நின்றால் காரணம் பின்பக்க இடைவெளிதான்.

சரிசெய்யும் முறை இது. முன்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கால் தூக்கி ஸ்டாண்டின் மீது நிறுத்துங்கள்; ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின் அடியில் போகக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை முழுவதும் விடுவியுங்கள். சக்கரத்தின் உட்பக்கத்தில் உள்ள பின்தகட்டில் சதுரத் தலை கொண்ட ஒரு சிறிய அட்ஜஸ்டர் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கடிகார முள்ளின் திசையில் சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை இறுக்கி, பெடலை ஒருமுறை பலமாக மிதித்து ஷூக்களை நடுவில் அமரச் செய்து, மீண்டும் இறுக்கிப் பார்த்து, பிறகு சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்கு மட்டும் பின்னோக்கித் தளர்த்துங்கள். இறுக்கும்போது ஒவ்வொரு கால் திருப்புக்கும் ஒரு சிறு படி தாண்டுவது கையில் தெரியும், அது இயல்பு. இந்தச் சதுரத் தலைக்கு அதற்கென உள்ள சதுர வாய் ஸ்பேனரையே பயன்படுத்த வேண்டும். சாதாரண ஸ்பேனரோ பிடிகுறடோ போட்டுத் திருகியவர்களால் தலை உருண்டுபோன அட்ஜஸ்டர்கள் பழைய வண்டிகளில் ஏராளம். துருப்பிடித்து இறுகியிருந்தால் முதல் நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். அந்த எண்ணெய் டிரம்முக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்குவது இதற்குப் பிந்திய வேலை. கேபிள் முன்கூட்டியே இறுக்கமாக இருந்தால் ஷூக்கள் தம் இருப்பிடத்துக்குத் திரும்பாது. அந்த நிலையில் செய்யும் எந்தச் சரிக்கட்டலும் பொய்யாகிவிடும்.

பின் ஷூக்களைச் சரிசெய்த பிறகும், வளைவுகளில் ஓட்டிவிட்டு மிதித்தால் மட்டும் முதல் மிதி ஆழமாகப் போகிறதே?

இது பேடுகள் பின்னுக்குத் தள்ளப்படும் கோளாறு. முன்சக்கர பேரிங் தளர்ந்திருந்தாலோ டிஸ்க் கோணலாகச் சுழன்றாலோ, அது சுழலும்போது பேடைத் தட்டித்தட்டிப் பிஸ்டனைக் காலிப்பருக்குள் தள்ளிவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது அந்த இடைவெளியை நிரப்பவே பெடலின் பாதித் தூரம் செலவாகிவிடுகிறது.

சிறிய இடைவெளி எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒற்றைச் சுற்று வண்டியின் மாஸ்டர் சிலிண்டர் விட்டம் முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 2 அங்குலத்துக்குச் சற்று அதிகம். பரப்பளவில் ஒன்றுக்கு எட்டு என்ற விகிதம் வருகிறது. முன்பக்கத்து நான்கு பிஸ்டன்களும் வெறும் 0.1 மி.மீ. பின்வாங்கியிருந்தால்கூட, அதை ஈடுகட்ட மாஸ்டர் பிஸ்டன் 3 மி.மீ.க்கு மேல் நகர வேண்டும். பெடலின் நெம்பு விகிதம் ஏறக்குறைய 5 என்று வைத்துக்கொண்டால், காலுக்கு அது ஒன்றரை சென்டிமீட்டராகத் தெரியும்.

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். யாராவது ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது ஆட்டம் மறைந்தால் குற்றம் பேரிங்கில்; மறையாவிட்டால் கிங்பின்னை, அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சை, பார்க்க வேண்டும். எம்.ஜி.பி.யின் முன் ஹப்பில் பேரிங்கின் முனை ஆட்டம் ஷிம் எனும் மெல்லிய இடைத்தகடுகளால் நிர்ணயிக்கப்படுகிறது, அது 0.05 முதல் 0.10 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நட்டை இறுக்கி, பிறகு ஒரு குறிப்பிட்ட அளவு தளர்த்தி விடும் பொதுப் பழக்கம் இந்த ஹப்புக்குப் பொருந்தாது.

பஞ்சுத்தன்மை எந்தச் சக்கரத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. இந்த வண்டியில் வளையும் ஹோஸ்கள் மூன்றே: முன்சக்கரங்களுக்கு ஒவ்வொன்று, உடலிலிருந்து பின் அச்சுக்கு ஒன்று. பிரேக் ஹோஸை நெரிப்பதற்கென்றே செய்யப்பட்ட, உருண்ட வாய் கொண்ட கிளாம்ப்களால் மூன்றையும் மென்மையாக அடைத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் மேலேயே கல்போல் நின்றால் மாஸ்டர் சிலிண்டரும் இரும்புக் குழாய்களும் நலம். பிறகு ஒவ்வொரு கிளாம்ப்பாக விடுவித்து மிதித்துக்கொண்டே வாருங்கள். எதை விடுவித்ததும் பெடல் இறங்குகிறதோ, கோளாறு அந்தப் பக்கத்தில் இருக்கிறது. மூன்றும் அடைபட்ட நிலையிலேயே பெடல் பஞ்சாக இருந்தால், காற்று மாஸ்டர் சிலிண்டரிலோ அதையடுத்த குழாயிலோ சர்வோவிலோ தங்கியிருக்கிறது.

மூன்று சக்கர முனைகளில் தேடுவதற்குப் பதில் ஒன்றில் தேடினால் போதும் என்ற நிலைக்கு, பத்து நிமிடத்தில் நம்மைக் கொண்டுவந்துவிடும் இந்தச் சோதனையைவிடப் பயனுள்ள ஒன்றை நான் அறியேன். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ்களை ஒருபோதும் நெரிக்கக் கூடாது. உள்குழாய் மடிந்து நிரந்தரமாகச் சேதமாகும். வெடிப்பு விழுந்த பழைய ரப்பர் ஹோஸ்களையும் நெரிக்க வேண்டாம். அவற்றைச் சோதிக்காமலேயே மாற்றிவிடலாம்.

எத்தனை முறை ஏர் எடுத்தாலும் (ஆயிலோடு காற்றை வெளியேற்றினாலும்) பஞ்சுத்தன்மை போகவில்லை. ஏன்?

ஒரு மில்லிலிட்டர் காற்று, அதாவது ஒரு சுண்டைக்காய் அளவுக் குமிழி, உள்ளே தங்கினாலே போதும். அழுத்தம் ஏறும்போது அது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். அந்த இடத்தை நிரப்ப மாஸ்டர் பிஸ்டன் 3.5 மி.மீ. கூடுதலாக நகர வேண்டும், பெடலில் அது 17 மி.மீ.க்கு மேல். ஆகவே "கொஞ்சம் காற்றுதானே" என்று விட்டுவிட முடியாது.

காற்று வெளியே வராமல் அடம்பிடிக்க வலுவான காரணம் ஒன்று உண்டு. முன் காலிப்பர்கள் இடம், வலம் மாறிப் பொருந்திவிடும். அப்படிப் பொருத்தினாலும் போல்ட்டுகள் ஏறும், பேடுகள் உட்காரும், ஹோஸும் சேரும். ஏர் எடுக்கும் நிப்பிள் (காற்றையும் ஆயிலையும் வெளியே விடும் சிறு திருகு) மட்டும் மேலே இருப்பதற்குப் பதிலாகக் கீழே போய்விடும். காற்று மேல்மூலையில் நிம்மதியாகத் தங்க, நாம் கீழேயிருந்து சுத்தமான ஆயிலைக் குப்பி குப்பியாக வடித்துக்கொண்டிருப்போம். என் வண்டியில் புதுப்பித்த காலிப்பர்களைப் பொருத்திய அன்று, ஒரு லிட்டர் ஆயிலும் ஒரு மாலைப்பொழுதும் இப்படித்தான் கழிந்தன. கண்ணாடிக் குப்பியில் ஒரு குமிழிகூட வரவில்லை. பெடலோ ஈரத்துணியை மிதிப்பதுபோல் இருந்தது. மறுநாள் காலை வெளிச்சத்தில் சக்கர வளைவுக்குள் குனிந்து பார்த்தபோதுதான், நிப்பிள் தரையை நோக்கி இருப்பது கண்ணில் பட்டது. காலிப்பர்களை மாற்றி மாட்டியதும் முதல் ஐந்து மிதிகளிலேயே குமிழிகள் கொத்தாக வந்து தீர்ந்தன. நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும். அதை முதலிலேயே பாருங்கள்.

வேறு காரணங்களும் உண்டு. நிப்பிளின் திருகு வழியாகவே காற்று உள்ளே இழுக்கப்பட்டு, குழாயில் குமிழிகள் முடிவின்றி வருவதுபோல் தோன்றலாம். நிப்பிளைக் கால் திருப்புக்கு மேல் தளர்த்தாமல் இருந்தால் இது குறையும். மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாக மாட்டியிருந்தால், வண்டியில் ஏற்றும் முன் வைஸில் பிடித்து, அதற்குள் இருக்கும் காற்றைத் தனியாக நீக்கியிருக்க வேண்டும். சர்வோ உள்ள வண்டியில் அதன் ஹைட்ராலிக் பகுதி காற்றைப் பிடித்துவைக்கும் இன்னொரு இடம்.

ஏர் எடுக்கும் சரியான முறை என்ன?

மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட ஒற்றைச் சுற்று வண்டியில் இடப் பின்சக்கரம், வலப் பின்சக்கரம், இட முன்சக்கரம், வல முன்சக்கரம் என்ற வரிசையில் செல்லுங்கள். பின்பக்கம் தொடங்கும் முன் மேலே சொன்ன ஷூ சரிக்கட்டல் முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால், முடிவில் மிதித்துப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது.

பெடலை மிதிப்பவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: பழைய மாஸ்டர் சிலிண்டர் உள்ள வண்டியில் பெடலைத் தரைவரை அடிக்கக் கூடாது. சிலிண்டருக்குள் ஆயிலை அடைத்துத் தள்ளும் ரப்பர் கப் அன்றாட ஓட்டத்தில் சென்றுவந்த பகுதி மட்டும் வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால் பல ஆண்டுகளாகப் படிந்த துருவும் அழுக்கும் இருக்கும். ஒருமுறை அங்கே போய் வந்த கப் கிழிந்துவிடும். நலமாக இருந்த சிலிண்டர் ஏர் எடுத்த மறுநாள் கசிவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. பெடலின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

உதவிக்கு ஆள் இல்லாதவர்கள், ஸ்டெப்னி டயரின் காற்றால் ஆயிலைத் தள்ளும் அழுத்தக் கருவியைப் பயன்படுத்தலாம். அந்த டயரின் அழுத்தத்தை 20 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். முழு அழுத்தத்தில் இணைத்தால் ஆயில் தொட்டியின் மூடி கழன்று எஞ்சின் அறை முழுவதும் தெளித்துவிடும், பிரேக் ஆயில் பட்ட பெயின்ட் உரிந்துபோகும்.

பெடல் மெல்ல இறங்குகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டு கசிவும் இல்லை. எப்படி?

மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் அதைத் தாண்டி மீண்டும் தொட்டிக்கே திரும்புகிறது. தொட்டியில் அளவு குறையாததால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கசிவு இல்லை என்று முடிவு செய்யும் முன் இன்னும் மூன்று இடங்களைப் பார்த்துவிடுங்கள். பெடலுக்கு மேலே கையை விட்டு, தள்ளுகம்பியின் ரப்பர் உறையைத் தடவிப் பாருங்கள். விரல் ஈரமானாலோ பெடல் பெட்டியின் பெயின்ட் உப்பியிருந்தாலோ சிலிண்டரின் பின்முனை கசிகிறது. பின் டிரம்மைக் கழற்றி, ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் தூசியுறையின் ஓரத்தை மெல்ல நீக்கிப் பாருங்கள். அங்கே ஆயில் தேங்கி நின்றால் சிலிண்டரை மாற்ற வேண்டும், ஆயிலில் ஊறிய ஷூக்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தொட்டியில் ஆயில் குறைந்துகொண்டே போக, சைலன்ஸரில் வெண்புகை வந்தால், சர்வோ தன் உள் சீல் வழியாக ஆயிலை எஞ்சினுக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

டிரம்மைத் திறக்கும்போது தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். அக்காலத்து லைனிங்குகளில் கல்நார் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

மாஸ்டர் சிலிண்டருக்கு ரப்பர் கிட் போடலாமா, புதிது வாங்க வேண்டுமா?

உள்சுவரை விளக்கு வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். நகத்தில் தட்டுப்படும் துருக்குழி ஒன்று இருந்தாலும் புது ரப்பர் நிலைக்காது. சுவர் கண்ணாடிபோல் இருந்தால் கிட் போதும். எதைப் பொருத்தினாலும் பெடலின் நுனியில் 3 மி.மீ. அளவு வெற்று அசைவு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பிஸ்டன் முழுவதும் பின்னால் வராது. ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். ஓட்ட ஓட்டப் பிரேக் தானாகப் பிடித்துச் சூடேறும். பெடலையும் தள்ளுகம்பியையும் இணைக்கும் கிளெவிஸ் பின்னையும் அப்போதே மாற்றிவிடுங்கள். தேய்ந்த பின்னும் நீள்வட்டமாகிப் போன துளையும் பெடலின் ஆழத்தைக் கூட்டுபவை. ஹைட்ராலிக்கில் எவ்வளவு தேடினாலும் அகப்படாதவை.

புது ஷூவும் பேடும் போட்ட பிறகு பெடல் முன்னைவிட மோசமாகிவிட்டது. ஏமாற்றப்பட்டேனா?

பெரும்பாலும் இல்லை. கடைசல் பிடித்து அகலமாக்கிய டிரம்முக்குள் புது ஷூ நுழையும்போது, இரண்டின் வளைவும் பொருந்துவதில்லை. ஷூவின் நடுப்பகுதி மட்டும் தொடுகிறது. மிதிக்க மிதிக்க ஷூ வளைந்து கொடுக்கிறது. காலுக்கு அது காற்று இருப்பதுபோலவே தோன்றுகிறது. சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, இடையில் ஒருமுறை அட்ஜஸ்டரை இறுக்கினால் சரியாகிவிடும். இந்த நேரத்தில் மீண்டும் மீண்டும் ஏர் எடுப்பதால் எந்தப் பயனும் இல்லை.

எந்த பிரேக் ஆயில் நல்லது? சிலிக்கோன் போடலாமா?

சாலையில் ஓட்டும் வண்டிக்கு டாட் 4 என்ற தர வகை ஆயில் போதும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. தர அளவுகோலின்படி புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலைப்பாதையில் தொடர்ந்து இறங்கும்போது, அதுவரை உறுதியாக இருந்த பெடல் திடீரென்று வெறுமையாகப் போவதற்குக் காரணம், பழைய ஆயில் காலிப்பரில் கொதித்து ஆவியானதே. வண்டி குறைவாக ஓடினாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சிலிக்கோன் வகையான டாட் 5 பெயின்ட்டைக் கெடுக்காது, ஈரத்தை உறிஞ்சாது. காட்சிக்கு வைக்கும் வண்டிகளின் உரிமையாளர்கள் அதை விரும்புவதன் காரணம் புரிகிறது. ஆனால் அது நுண்குமிழிகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அழுத்தத்தில் சற்றுக் கூடுதலாகச் சுருங்கும். மென்மையான பெடலைச் சரிசெய்ய முயலும் ஒருவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். டாட் 4, டாட் 5 இரண்டையும் எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. பெயர் ஒத்திருந்தாலும் டாட் 5.1 சிலிக்கோன் அல்ல. அது டாட் 4 குடும்பத்தைச் சேர்ந்தது.

எஃகுப் பின்னல் ஹோஸ் போட்டால் பெடல் உறுதியாகுமா?

உப்பிப்போன பழைய ரப்பர் ஹோஸுக்குப் பதிலாகப் போட்டால் வேறுபாடு நன்றாகத் தெரியும். நல்ல புதிய ரப்பர் ஹோஸுக்குப் பதிலாகப் போட்டால் சிறிதளவே தெரியும். மற்ற கோளாறுகளைத் தீர்க்காமல் இதற்குச் செலவு செய்வது வீண்.

பெடல் சற்று மென்மையாக இருக்கும் வண்டியை, பாகங்கள் வரும்வரை ஓட்டலாமா?

ஷூ இடைவெளி என்று உறுதியாகத் தெரிந்தால், அதை அன்றே சரிசெய்துவிட்டு ஓட்டலாம். பெடல் இறங்குவதாக இருந்தாலோ எங்காவது ஈரம் தெரிந்தாலோ, வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவரவே கூடாது. அமெரிக்காவில் 1968 முதல் புதிய கார்களுக்கு இரட்டைச் சுற்று கட்டாயமாக்கப்பட்டதால், அங்கே சென்ற எம்.ஜி.பி.களில் ஒரு சுற்று போனாலும் மற்றது தாங்கும். ஒற்றைச் சுற்று வண்டியில் ஒரு கப், ஒரு ஹோஸ், ஒரு குழாய் போனால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் ஒன்றே.

வேலை முடிந்ததும் முதலில் எஞ்சினை ஓடவிட்டு, வண்டி நின்ற இடத்திலேயே பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஆளில்லாத சமதளத்தில் நடைவேகத்தில் நான்கைந்து முறையும், அதன் பின் 30 கி.மீ. வேகத்தில் சில முறையும் நிறுத்திப் பாருங்கள். திரும்பி வந்ததும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய், ஏதாவது ஒன்று மட்டும் கூடுதலாகச் சூடாக இருக்கிறதா என்று பார்த்து, நிப்பிள்களையும் இணைப்புகளையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றியெடுங்கள். மறுநாள் காலையில் எஞ்சினைக் கிளப்பும் முன் மீண்டும் ஒருமுறை மிதித்து, பெடல் முந்தைய மாலையில் நின்ற உயரத்திலேயே நிற்கிறதா என்று பார்த்த பிறகு வண்டியைச் சாலைக்கு எடுங்கள்.